பருத்திக்கு அனுமதி இல்லை

அங்கப்பன் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கண்டக்டர் கொடுக்கிற டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் போடுவார். டாக்டர் எழுதித் தரும் மாத்திரையில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை ஓட்டுக்கடியில் சொருகி வைப்பார், வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று. அப்படிப்பட்ட மனுசன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அன்னூரில் பஸ் ஏறிச் சரவணம்பட்டியில் இறங்கினார். லிஃப்டை நம்பாமல் ஒன்பது மாடியும் படியேறினார். மூச்சு வாங்க மணியை அடித்தார். கதவைத் திறந்த தங்கச்சியிடம், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“பழனா, பையை எடு. இன்னிலேருந்து மூணு நாளைக்கு உனக்கு லீவு.”

பழனாத்தாளுக்கு அறுபத்து நாலு வயசு. கையில் தோசைக் கரண்டி இருந்தது. “என்னங்ணா இது, வந்ததும் வராததுமா? மொதல்ல தண்ணி குடிங்க.”

“தண்ணிக்குத்தான் கூப்புடறேன். அங்க நெறையா இருக்குதாமா.”

விசயம் இதுதான். முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் மகன் தீபக், மருமகள் மோகனப்பிரியா, பேத்தி ரித்திகா மூன்று பேரும் தீம் பார்க்குக்குப் போனார்கள். அது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் பழனாத்தாளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். அன்றைக்கு மத்தியானம் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“ஊட்டப் பாத்துக்குங்கன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாங்கண்ணா. ஒம்பதாவது மாடியில இருக்கற ஊட்ட எவன் தூக்கிட்டுப் போவப்போறான்? அங்க அலை வருதாமா, கடலாட்டவே. ரித்திகா சொன்னா. நானுந்தான் கடலயே பாத்ததில்லையே. ஒருக்கா அதுல நின்னு பாத்துப்போட்டு வந்தாப் போதுமுங்க.”

“உன்ற பையன்கிட்டச் சொல்றதுதான?”

“சொன்னனுங்க. வெள்ளச்சீலையோட நீங்க அங்கெல்லாம் வந்தா ஒரு மாதிரி இருக்குமுங்மான்னான்.”

அங்கப்பன் போனை வைத்துவிட்டார். ஏனென்றால் அந்த வெள்ளைச் சீலையைப் போட்டவர் அவர்தான்.

புருசன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ கோடிச் சீலை கொண்டுபோய்ப் போட வேண்டும். அது அவர்கள் வழக்கம். பழனாத்தாளின் புருசன் லாரி மோதிச் செத்தபோது அவளுக்கு முப்பத்தொன்று, பையனுக்கு ஏழு. கருமாதி அன்றைக்கு அங்கப்பன் அன்னூர்க் கடையில் வெள்ளைப் பருத்திச் சீலை வாங்கிக்கொண்டு போய்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தவள் தோளில் போட்டார். அதோடு முடியவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பிறந்த வீட்டுச் சீர் என்று ஒரு வெள்ளைச் சீலை. முப்பத்து மூன்று வருசமாக ஒரு பொங்கலுக்கும் தவறியதில்லை. தன்னை ஒரு நல்ல அண்ணன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மோகனப்பிரியா கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்து நின்றாள். “திடீர்னு வந்து கூப்பிட்டா எப்பிடிங்க மாமா? சாயங்காலம் ரித்திகாவ ஸ்கூல் பஸ்ஸுல இருந்து யாரு கூட்டிட்டு வர்றது?”

“பெத்தவங்க ரெண்டு பேர் இருக்கறீங்க. சீட்டு எழுதிக் குலுக்கிப் பாருங்க.”

தீபக் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். “அம்மாவுக்கு மூட்டு வலிங்க மாமா. அலையக் கூடாது.”

“மூட்டு வலிக்காரிதான் பதினோரு வருசமா நின்னுக்கிட்டே உனக்குத் தோசை ஊத்தறா. அப்பத் தெரியலையா மூட்டு?”

தீபக் வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டான். பழனாத்தாள் கரண்டியை மருமகள் கையில் கொடுத்தாள். “மாவு ப்ரிட்ஜுல இருக்குது அம்மணி. சட்னிக்குத் தேங்கா மட்டும் துருவிக்க” என்றாள். ரெண்டு நிமிசத்தில் பையோடு வந்துவிட்டாள். கட்டி வைத்திருந்த பை போலத்தான் இருந்தது. அங்கப்பன் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவர்கள் போனது ராட்டினங்கள் இருக்கிற பார்க். அது கெட்ட நாள். எந்த ராட்டினத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு பலகை. அறுபது வயதுக்கு மேல் ஏறக்கூடாது, இதய நோய் இருந்தால் ஏறக்கூடாது, முதுகு வலி இருந்தால் ஏறக்கூடாது. அங்கப்பன் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வண்டி ஒரு சுற்று சுற்றி வந்துவிடும்.

“நானு இந்த வயசுலயும் தென்னமரம் ஏறறவன்” என்றார் அங்கே நின்றவனிடம்.

“தென்னமரம் தலைகீழாத் திரும்பாதுங்க ஐயா” என்றான் அவன்.

கடைசியில் சின்னப் பிள்ளைகள் ரயிலில் முழங்கால் தாடையில் இடிக்க ரெண்டு பேரும் மூன்று சுற்று வந்தார்கள். பழனாத்தாள் அதற்கே சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கப்பன் சிரிக்கவில்லை. காசை வாங்கிப் போட்டுக்கொண்டு பலகையைக் காட்டுகிறான்களே என்று இருந்தது அவருக்கு. அவர் சிரித்தே ரொம்ப நாளாயிற்று. பெண்டாட்டி மூன்று வருசம் படுக்கையில் கிடந்து போன தையில்தான் போனாள். மூன்று வருசமும் சோறூட்டித் துடைத்துவிட்டது அவர்தான். மில்லிலிருந்து நின்ற பிறகு அதுவே அவருக்கு ஷிஃப்ட் ஆகிவிட்டது. இப்போது அந்த ஷிஃப்டும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். லீவு தனக்கும்தான் தேவைப்பட்டது என்பதை அவர் தங்கச்சியிடம் சொல்லவில்லை.

ராத்திரி அன்னூரில் அண்ணன் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் தண்ணீர் பார்க். காரமடை தாண்டி, மலை கிட்டத்தில் தெரிகிற இடத்தில் இருந்தது. வாசலில் கையில் ஒரு காகித வளையத்தை ஒட்டினார்கள். “இதெதுக்கு? ஆட்டுக்குக் காதுல போடறாப்பல” என்று அங்கப்பன் பிய்க்கப் பார்த்தார். பிய்ந்தால் மறுபடி டிக்கெட் என்றதும் விட்டுவிட்டார். துணி வைக்கிற பெட்டிக்குச் சாவி கொடுத்தார்கள். இன்னொரு சாவி உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும் பணத்தைப் பெட்டியில் வைக்காமல் பாலித்தீன் காகிதத்தில் சுற்றி அரைஞாணில் முடிந்துகொண்டார்.

அலைக்குளம் தூரத்திலேயே தெரிந்தது. ஜனங்கள் கழுத்தளவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பழனாத்தாள் நடை வேகமானது. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். குளத்துக்குப் போகிற வழியில் நீல யூனிபார்ம் போட்ட ஒரு பெண் கையை நீட்டித் தடுத்தாள். சட்டையில் கோமளா என்று பேர் இருந்தது.

“ஏனுங்கம்மா, காட்டன் துணியோட தண்ணியில எறங்கக் கூடாதுங்க. நைலான் மட்டுந்தான்.”

“ஏன்? பருத்தி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார் அங்கப்பன்.

“நூல் பிரிஞ்சு மோட்டார்ல போய்ச் சிக்கிக்குதுங்கய்யா. உங்க வேட்டியும் ஆகாதுங்க. உள்ள போட்டிருக்கிற டவுசரும் காட்டன்னா ஆகாதுங்க.”

“என்ற டவுசர் உனக்கெதுக்கு?” அவருக்குக் குரல் ஏறிவிட்டது. “நானு முப்பத்தாறு வருசம் பஞ்சு மில்லுல நூல் ஓட்டுனவன். கோயமுத்தூரே பஞ்சுலதான் எந்திரிச்சு நின்னுது. இந்த ஊர்ல வந்து பருத்திக்கு அனுமதி இல்லைன்னா அப்பறம் எதுக்குத்தான் அனுமதி?”

“எங்கப்பாவும் மில்லுத்தானுங்க” என்றாள் கோமளா. “நானென்னங்க பண்ணட்டும்? அங்க கடை இருக்குது. வாங்கிப் போட்டுட்டு வாங்க, நானே கையப் புடிச்சு எறக்கி விடறேன்.”

கடையில் ஆண்களுக்கு அரைக்கால் டவுசர். பெண்களுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை சட்டையும் பேண்ட்டுமாக ஒரு உடுப்பு. பெரியவர்கள் அளவில் ரெண்டே நிறம்தான் மிச்சம் இருந்தது. ஒன்று கிளிப்பச்சை. இன்னொன்று சிவப்பு, அரக்குச் சிவப்பு. வெள்ளை இல்லை. அங்கப்பன் கேட்டுப் பார்த்தார். நனைந்தால் உள்ளே தெரியும், அதனால் செய்வதில்லை என்று கடைக்காரன் சொன்னான்.

பழனாத்தாள் ரெண்டு எட்டுப் பின்னால் போனாள்.

“அண்ணா, நானு கரையில உக்காந்து பாத்துக்கறனுங்க. நீங்க எறங்கிட்டு வாங்க.”

மெதுவாகத்தான் சொன்னாள். சுற்றிலும் ஒரே சத்தம். காதில் விழவில்லை என்று இருந்துவிட்டால் இருந்துவிடலாம். அங்கப்பனுக்கு அது கைவந்த வேலை. ஒரு தடவை அப்படி இருந்திருக்கிறார்.

கருமாதிப் பந்தலில் அவள் அரக்குச் சிவப்புச் சீலை கட்டியிருந்தாள். அவர் கோடியைப் பிரித்துத் தோளில் போடக் குனிந்தபோது, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இதை அவுத்தே ஆகோணுமாண்ணா?” என்றாள். அவருக்கு நன்றாகக் கேட்டது. சுற்றிலும் பெரியவர்கள் நின்றார்கள். செத்தவனின் பங்காளி, சித்தப்பன் மகன் லட்சுமணசாமி, தட்டைப் பிடித்துக்கொண்டு, “போடுங்க மச்சான், நேரமாவுது” என்றான். அங்கப்பன் கேட்காதவர் மாதிரிப் போட்டார். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருப்பார்.

“எதுக்குக் கரையில?” என்றார் இப்போது.

“கலருங்ணா.”

“அந்த வெள்ளைய உனக்குப் போட்டது யாரு?”

“நீங்கதான்.”

“நாந்தான். அன்னிக்கு நீ கேட்டது எனக்குக் காதுல உழுந்துது பழனா. உழாத மாதிரி இருந்துபோட்டேன். எனக்குப் பயம்.” அவர் கிளிப்பச்சையை எடுத்து நீட்டினார். “இந்தா. போட்ட நானே சொல்றேன். கழட்டு.”

பழனாத்தாள் உடனே வாங்கவில்லை. அண்ணனையே பார்த்தாள். அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவளோ நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, மருமகளிடம்கூடப் பேசாத ஒரு குரலில் பேசினாள்.

“போடும்போதும் நீங்க சொல்லித்தான் போட்டேன். கழட்டும்போதும் நீங்க சொல்லித்தான் கழட்டோணுமாங்ணா? நாங்கேட்டு முப்பத்து மூணு வருசமாச்சு. இப்பத்தான் காது கேக்குதாக்கு?”

அவள் அவர் கையிலிருந்த கிளிப்பச்சையை வாங்கிக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இது வேண்டாமுங்க. அந்தச் செகப்பைக் குடுங்க.”

உடுப்பு மாற்றுகிற அறையிலிருந்து அவள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். அங்கப்பன் முட்டியைத் தொடுகிற நீல நைலான் டவுசரில், கோழிக்கால் போன்ற காலோடு நின்றார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பழனாத்தாள்தான் முதலில் சிரித்தாள். “ஐயோ சாமி, இந்தக் காலை வெச்சுக்கிட்டா தென்னமரம் ஏறறீங்க?”

குளத்துக்குப் பத்தடி இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மச்சான்! அங்கப்ப மச்சானுங்களா அது?”

லட்சுமணசாமி. அதே ஆள்தான். பேரன்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். இப்போது தலை முழுக்க நரை, அன்றைக்கு இல்லாத தொப்பை. அந்தத் தொப்பைக்குக் கீழே மஞ்சள் வாத்துகள் போட்ட டவுசர். கழுத்தில் தண்ணீர் புகாத உறைக்குள் போன் தொங்கியது. பழனாத்தாளை மேலிருந்து கீழே பார்த்தான். பார்த்துவிட்டு அவளிடம் பேசாமல் அங்கப்பனிடம் பேசினான்.

“இதென்ன கோலமுங்க மச்சான்? எங்கண்ணன் செத்துப் போயிட்டான்னா கேக்கறக்கு ஆளில்லைன்னு நெனச்சுப்போட்டீங்களா?”

“ஆளில்லைன்னு யாரு சொன்னது? வாத்து டவுசரோட வந்து நீதான் கேக்கறயே.”

“மச்சான், வெளையாட்டுப் பேச்சு வேண்டாம். கோடி போட்டது நீங்க. பொறந்த ஊட்டுக் கையாலயே இப்பிடிப் பண்ணுனா நாலு பேரு என்ன பேசுவாங்க? வர்ற மாசம் குலதெய்வம் கோயில் பொங்கல். அங்க கேள்வி வரும், சொல்லிப்போட்டேன்.”

“வரட்டும். பதிலை நானே வந்து சொல்றேன். உன்ற அண்ணன் போனப்பறம் இவ பையனத் தனியா வளத்தாளே, அப்ப எந்தப் பொங்கலுக்கு நீங்க வந்து ஒரு கேள்வி கேட்டீங்க? சோறு தின்னயா, பையனுக்கு பீசு கட்டுனயான்னு? சீலை வெள்ளையா இருக்குதான்னு மட்டும் பாக்க வந்துட்டான்.”

லட்சுமணசாமி உறையோடு போனைத் தூக்கினான். “சரி. நீங்க பேசறதப் பேசுங்க. நானு இதப் படம் புடிச்சு சொந்தக்காரங்க குரூப்புல போட்டுடறேன். எல்லாரும் பாக்கட்டும்.”

அங்கப்பன் ஒரு அடி முன்னால் வைத்தார். போனைப் பிடுங்கித் தண்ணீரில் எறிகிற எண்ணம்தான். பழனாத்தாள் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். முன்னால் வந்து நேராக நின்றாள். சட்டைக் கையை இழுப்பதை விட்டிருந்தாள்.

“கொழுந்தனாரே, எடுங்க. பாதியோட விட்டுறாதீங்க, கால் வரைக்கும் உழோணும். செகப்பு நல்லாத் தெரியோணும்.”

“நங்கையா, நீங்களுமா…” அண்ணன் பெண்டாட்டியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

“எடுங்கன்னேன்.”

எடுத்தானா இல்லையா என்றுகூட அவள் நின்று பார்க்கவில்லை. திரும்பி நடந்தாள். கோமளா சொன்ன சொல் தவறாமல் வந்து கையைப் பிடித்து இறக்கி விட்டாள்.

அலை வரப்போகிறது என்று சங்கு ஊதியது. மில் சங்கு மாதிரியே இருந்தது. அங்கப்பனுக்கு ஷிஃப்டுக்கு ஓட வேண்டும் போல உடம்பு துள்ளியது. குளத்தின் அந்தக் கோடியில் தண்ணீர் எழும்பியது. மடிந்து மடிந்து வந்தது.

“அண்ணா, வருதுங்ணா! வருதுங்ணா!”

“கையை உடாத!”

விட்டுவிட்டார்கள். முதல் அலை பழனாத்தாளை அப்படியே உட்கார வைத்தது. ரெண்டாவது தலைக்கு மேல் போனது. அங்கப்பன் குப்புற விழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கச்சியைத் தேடினார். நாலடி தள்ளி, கொண்டை அவிழ்ந்து, சிவப்புச் சட்டை உப்பிப் போய், அவள் எழுந்து நின்றாள். இருமினாள். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

“உப்பே இல்லீங்ணா.”

“நான் சொன்னனில்ல. எல்லாம் ஏமாத்து” என்றார் அங்கப்பன்.

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியவில்லை. பெண்டாட்டி போன பிறகு முதல் தடவை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது அலை வந்து அவரைச் சாய்த்தது.

மத்தியானம் வரைக்கும் சங்கு ஊதிய போதெல்லாம் இறங்கினார்கள். லட்சுமணசாமி தள்ளி நின்று பேரன்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் படத்தைப் போட்டுவிட்டான். பெட்டியைத் திறந்ததும் பழனாத்தாளின் போன் அடித்தது. தீபக். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இல்லாவிட்டால் அவளுக்குக் காது கேட்காது.

“அம்மா, என்னங்மா இது? குரூப்புல எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு மானம் போகுது. இப்பவே கெளம்பி ஊட்டுக்கு வாங்க.”

“வெள்ளையோட வந்தாலும் உனக்கு ஒரு மாதிரி இருக்குது, கலரோட வந்தாலும் மானம் போகுது. நானு எப்பிடித்தான் வரோணும் கண்ணு?”

பதில் வரும் வரை அவள் காத்திருக்கவில்லை.

“ரித்திகாகிட்டச் சொல்லு. அலையில உப்பு இல்ல, ஆனா நல்லா இருக்குதுன்னு. நானு வெள்ளிக்கிழமதான் வருவேன். இன்னும் ஒரு பார்க் பாக்கி இருக்குது.” போனை வைத்தாள்.

ரெண்டு பேருக்கும் பல் தந்தியடித்தது. துண்டு வாடகைக்குக் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. ஊரில் எவனெவனோ துடைத்த துண்டுக்கு வாடகையா என்றார் அங்கப்பன். தன் மஞ்சள் பைக்குள் கையை விட்டார். குளித்து முடித்துத் தங்கச்சி மாற்றிக்கொள்ளட்டும் என்று வழக்கம்போல அன்னூர்க் கடையில் வாங்கி, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்த புது வெள்ளைச் சீலை கையில் வந்தது. ரெண்டு நாளாகப் பையில் கிடந்ததை மறந்தே போயிருந்தார்.

அதைப் பிரித்தார். விளிம்பைப் பல்லில் வைத்துக் கடித்தார். முப்பத்தாறு வருசம் நூல் ஓட்டிய கை அது. எங்கே இழுத்தால் நேராக வரும் என்று அதற்குத் தெரியும். ஒரே இழுப்பு. சர்ரென்று கிழிந்த சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“புதுச்சீலைங்ணா!” என்றாள் பழனாத்தாள்.

“நல்ல பருத்தி. தண்ணிய இழுக்கும். நைலான் இழுக்காது” என்று ஒரு பாதியை அவளிடம் எறிந்தார். மறு பாதியால் தன் தலையைப் பரபரவென்று துவட்டினார்.

அவள் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளும் துவட்டினாள். தலை, கழுத்து, கால்விரல் இடுக்கு வரைக்கும் அழுத்தித் துடைத்தாள். பிழிந்து உதறிப் பாதியை மறுபடி பாதியாகக் கிழித்தாள்.

“இது எதுக்கு?”

“அடுப்படிக்கு ஆகுமுங்க. மோகனப்பிரியா கரித்துணி இல்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தா.”

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் கூட்டம் இல்லை. கட்டி வந்த பழைய வெள்ளைச் சீலை பைக்குள் ஈரத் துணிகளோடு சுருண்டு கிடந்தது. பழனாத்தாள் அந்த அரக்குச் சிவப்பு உடுப்போடேயே ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றில் தலையை உலர்த்திக்கொண்டு வந்தாள். முன் சீட்டில் இருந்தவர்கள் ரெண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்கள். அங்கப்பன் அவர்களைத் திருப்பி முறைத்தார். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை மட்டும் அன்றைக்குத் திருப்பிப் பார்க்காமல் பையில் போட்டார்.

“ஏனுங்ணா” என்றாள் பழனாத்தாள், ஜன்னலைப் பார்த்தபடியே. “நாளைக்குப் போற பார்க்குலயாவது ராட்டினத்துல ஏத்துவாங்களா?”

“ஏத்தலைன்னா சண்டை போட்டுக்கலாம்” என்றார் அங்கப்பன்.